மூன்றாவது பாட்டு

சட்டையின் காலரைத் தேய்த்து முடித்துவிட்டு இடது கைக்கு வந்திருந்தாள். நீலச் சட்டை. பதினோரு மணிக்குள் அது ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அங்கே அண்ணனுக்குப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வண்டி வரும். மூன்று மணிக்கு அடக்கம். செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். சட்டை நான்காவது வரியில் இருந்தது.

சாப்பாட்டு மேசையின் மூலையில் இருந்த அண்ணனின் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. மணி சரியாகப் பத்து.

அவள் கவனிக்கவில்லை. மடிப்பு நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு டிங். பிறகு மூன்று, ஒன்றன் மேல் ஒன்றாக. பிறகு நிற்கவே இல்லை.

அண்ணி படுக்கையறை வாசலுக்கு வந்து நின்றாள். அண்ணிக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்தப் பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று இருபது வருடமாக ஒரே தொனியில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அந்தக் குரல்தான். நேற்று சாயங்காலம் போன் செய்து, "உங்க அண்ணன் போயிட்டார்ம்மா, நீ பதறாம வா" என்றதும் அதே குரலில்தான்.

"அது என்னன்னு பாரேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். திரையில் ஒரு பக்கம் திறந்திருந்தது. 'கேட்டுப் பாரு' என்று மேலே எழுதியிருந்தது. பாட்டுப் பைத்தியங்கள் நானூறு பேர் சேர்ந்து நடத்தும் குழு. அதில் 'எட்டாவது மாடி' என்பது அண்ணன். இன்றைய தேதி. பத்து மணி.

'இந்த வாரமும் அதே ஆல்பம்தான். காரணம் 571.'

அவள் தேதியை இரண்டு முறை படித்தாள். சுவரில் இருந்த நாட்காட்டியையும் பார்த்தாள். வெள்ளிக்கிழமைதான். தவறு அவளுடையது இல்லை.

"அண்ணி, அண்ணன் எழுதியிருக்கு."

"புதன்கிழமையே எழுதி நேரம் வச்சுடுவார்" என்றாள் அண்ணி. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தானா போகும். அன்னைக்கு வேலை எங்க இருக்கோ, லிஃப்ட் கிணத்துக்குள்ள இருந்தா எப்படி எழுதறதுன்னு. நான் மறந்தே போயிட்டேன்."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நேற்று நாலரை மணிக்கு ஒரு கட்டடத்தில் வேலையை முடித்து, கம்பெனி வேனில் ஏறி, சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறான். கூட வேலை செய்யும் பெரியவர், எல்லாரும் கிரீஸ் என்று கூப்பிடுபவர், அவன் தூங்குகிறான் என்று நினைத்துத் தன் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் தோளைத் தட்டினாராம். அந்த டீயைப் பற்றியே நேற்று ராத்திரி முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பது வயது. மருத்துவர் இதயம் என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார்.

டிங்.

அவள் கீழே இருந்த பதில்களைப் படித்தாள். 'ஆரம்பிச்சுட்டாருய்யா நம்ம மாடி.' 'ஆயிரம் அடிக்காம ஓயமாட்டார் போல.' 'எமனே வந்து லிஃப்டுல நின்னாலும், சார் ஒரு ஆல்பம் இருக்கு, முப்பத்தி நாலு நிமிஷம்தான்னு சொல்லுவார்.' இதற்குப் பத்தொன்பது பேர் சிரித்து வைத்திருந்தார்கள். எழுதியவரின் பெயர் 'ஈரக்குடை'. அவருக்குக் கீழே வேறொருவர்: 'மூணாம் நம்பர் சௌக்கியமா?'

அவள் படித்ததை அண்ணி தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்க வேண்டும்.

"அவங்ககிட்ட சொல்லிடும்மா. தெரியாம சிரிக்கிறாங்க. அப்புறம் தெரிஞ்சா அவங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"நான் எப்படி அண்ணி? நீங்க எழுதினா..."

"என்னை யாருன்னு அவங்களுக்குத் தெரியும்? கதவைச் சாத்துற பொண்டாட்டின்னு தெரியும், அவ்வளவுதான். உன்னைத்தான் எல்லாருக்கும் தெரியும்."

"என்னையா?"

"மூணாம் நம்பர் நீதானே" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்து சட்டையின் வலது கையைத் தேய்த்தாள். பொத்தான் பட்டையைத் தேய்த்தாள். ஒரு இடத்தையே மூன்று முறை தேய்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்து பெட்டியை எடுத்தாள்.

ஆல்பத்தின் பெயர் 'லீவு லெட்டர்'. பாடியவர்கள் 'ஈர சாக்ஸ்' என்று நான்கு பேர். ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். பாப் பங்க் என்று அண்ணன் சொல்வான். பள்ளிக்கூடம் விட்டதும் வெளியே ஓடிவரும் பையன்கள் மாதிரி கிடார், அதற்கும் முன்னால் ஓடும் டிரம், காதலில் தோற்றதையும் பஸ்ஸைத் தவறவிட்டதையும் ஒரே உற்சாகத்தோடு கத்தும் ஒரு குரல். தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம் என்று அண்ணி சொல்வாள். இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் கேட்டதில்லை.

கேட்டதாகச் சொல்லியிருந்தாள்.

பத்து வருடத்துக்கு முன்னால். அண்ணன் அந்த ஆல்பத்தின் இணைப்பை நான்கு முறை அனுப்பியிருந்தான். அவளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. அதனாலேயே அவன் வைத்த பெயர் பல்லு. அன்று யாரோ ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் மேல்வரிசைப் பற்களுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள், மறுநாள் காலை தர வேண்டும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா பல்லு?"

"கேட்டேன் அண்ணா."

"நிஜமாவா? எது பிடிச்சுது?"

கையில் மூன்றாவது பல் இருந்தது. "மூணாவது."

பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டு அவள் காத்திருந்தாள்.

"மூணாவதா" என்றான் அண்ணன். "ஏன் அது?"

"என்னவோ... அதுல ஒரு நிம்மதி இருக்கு."

அதன் பிறகு அவன் அதைப் பற்றி அவளிடம் கேட்டதே இல்லை. அவளும் ஆல்பத்தைக் கேட்கவில்லை. முதலில் நேரமில்லை. பிறகு, கேட்டால் தான் சொன்ன பொய் எப்படிப்பட்ட பொய் என்று தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. ஒரு வருடம் போனதும் அது கட்டாத துணி மூட்டை மாதிரி மனதின் ஒரு மூலையில் கிடந்தது. கிடக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். தேடும் கட்டத்தில் 'மூணாம் நம்பர்' என்று அடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.

அவள் பழைய பதிவிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

குழுவில் ஒரு விதி இருந்தது: வாரம் ஒரு ஆல்பம், ஒருமுறை பரிந்துரைத்ததை மறுபடி பரிந்துரைக்கக் கூடாது. அண்ணன் இரண்டாவது வாரமே அதை மீறியிருக்கிறான். சண்டை நடந்திருக்கிறது. கடைசியில் ஒரு சமரசம்: புதிதாக ஒரு காரணம் சொன்னால் பழைய ஆல்பத்தையே போடலாம். அவனை மடக்குவதற்காகப் போட்ட விதி அது. நாலு வாரம் தாங்குவான் என்று நினைத்திருக்கிறார்கள்.

காரணம் 12: 'பாடுறவன் மூச்சு வாங்குறது அப்படியே கேட்குது. வெட்டி எடுக்கலை. நானும் எட்டு மாடி ஏறுனா அப்படித்தான்.'

காரணம் 88: 'எனக்கு நாப்பது வயசு ஆயிடுச்சு. இந்த ஆல்பத்துக்கு இன்னும் பதினேழுதான். வீட்டுல யாராவது ஒருத்தர் சின்னவங்களா இருக்கணும்ல.'

காரணம் 203: 'வீட்டம்மா இன்னைக்கு, சத்தத்தைக் குறைங்கன்னு சொல்லலை. கதவை மட்டும் சாத்துனாங்க. முன்னேற்றம்.'

மூணாம் நம்பர் முதலில் வந்தது காரணம் 31-இல். 'என் தங்கச்சிக்கு மூணாவது ரொம்பப் பிடிச்சிருக்காம். அதுல ஒரு நிம்மதி இருக்குன்னு சொல்றா. இத்தனை தடவை கேட்டும் எனக்கு இது தோணலை. எல்லாரும் இன்னொரு தடவை மூணாவதைக் கேளுங்க.' அதற்கு வந்த பதில்கள் அவளுக்குப் புரியவில்லை. நிறையப் பேர் கேள்விக்குறியை மட்டும் போட்டிருந்தார்கள். ஒருவர், 'உங்க தங்கச்சி சாதாரண ஆள் இல்ல' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'கேட்டேன். நிஜமாவே நிம்மதியா இருக்கு. கண்ல தண்ணி வந்துடுச்சு' என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து குழுவில் யாருக்காவது வேலை போனால், யாருடனாவது மனஸ்தாபம் ஆனால், யாராவது ஒருவர் 'மூணாவது போட்டுக் கேளுங்க' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். கிரீஸ் சட்டையை வாங்க வந்திருந்தார். குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நக இடுக்குகளில் மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். மறுபடி டீ விஷயத்தைத் தொடங்கப் போகிறார் என்று தெரிந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வேலை செய்யும்போது அண்ணன் அந்த ஆல்பத்தைப் போடுமாமே."

"போடாம? அதை வச்சுத்தான்ம்மா எங்க வேலையே." அவர் முகம் சற்றுத் தளர்ந்தது. ஒரு லிஃப்டைப் பராமரிக்க ஒரு ஆல்பம் என்று அவர் சொன்னார். முதல் பாட்டு முடிவதற்குள் பிரேக்கைப் பார்த்துவிட வேண்டும். இரண்டாவதில் கதவு ரோலர்கள். நான்கும் ஐந்தும் ரெயிலுக்கு எண்ணெய். கடைசிப் பாட்டில் ஏறி உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை போய்வர வேண்டும். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த இன்ஜினீயர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பாட்டு ஓடாத வீட்டில் லிஃப்ட் ஓடாதா என்று கேட்டாராம். இவன், ஓடும் சார், ஆனா சந்தோஷமா ஓடாது என்றானாம்.

"மூணாவதுல என்ன செய்வீங்க?"

"மூணாவதுலயா? கையைத் துடைச்சுக்குவோம்."

"ஏன்?"

"வேற என்ன செய்யறது? அது பாட்டே கிடையாதேம்மா. மொத்தம் இருபத்தெட்டு செகண்டு. எவனோ ஒயரைக் காணோம்னு தேடுறான், ஒருத்தன் சிரிக்கிறான், நாற்காலி ஒண்ணு விழுது. அவ்வளவுதான்."

அவள் ஹேங்கரை அவர் கையில் கொடுத்தாள். சட்டை கசங்காமல் பின் சீட்டுக் கொக்கியில் மாட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அவர் சரி என்று சொல்லி, படி வரை போய்த் திரும்பி, அவன் முகம் தூங்குற மாதிரியேதான்ம்மா இருந்துச்சு என்றார். தெரியும் என்றாள் அவள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, அண்ணனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளே சரிபார்த்தாள். கிரீஸ் சொன்னது சரி. ஒயர். சிரிப்பு. நாற்காலி. இருபத்தெட்டு நொடி. மறுபடி போட்டாள். விழுந்த நாற்காலியை யாரோ நிமிர்த்தும் சத்தம்கூடக் கடைசியில் லேசாகக் கேட்டது.

முதலில் அவளுக்கு முகம் சூடானது. நானூறு பேர், பத்து வருடம். பிறகு அதைவிட மோசமான ஒன்று மெதுவாகப் புரிந்தது. அண்ணன் அதை நம்பியிருந்தால்? தங்கை சொன்னாளே என்று, நாற்காலி விழுகிற சத்தத்தில் நிம்மதியைத் தேடி, அவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று நினைத்து, மறுபடி மறுபடி கேட்டிருந்தால்? அவன் அப்படிப்பட்டவன்தான். கடையில் ஒருவர் இது நல்ல பெயிண்ட் என்று சொன்னால், பெயிண்ட் உரிந்து விழும்போதும் சுவரில்தான் கோளாறு என்பான்.

மணி பத்தே முக்கால். அவள் எழுத ஆரம்பித்தாள்.

'எட்டாவது மாடி நேற்று மாலை இறந்துவிட்டார். இன்று காலை வந்த பதிவு அவர் புதன்கிழமை எழுதி வைத்தது. நான் அவருடைய தங்கை.'

இவ்வளவு போதும். இதோடு நிறுத்தலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், 'ஆமாம், மூணாவதில் நிம்மதி இருக்கிறது' என்று எழுதிவிடலாம். இன்றைக்கு அது ஓரளவு உண்மையாகக்கூட இருக்கலாம். உண்மையை எழுதினால், அடக்கம் நடக்கும் நாளில் அண்ணனை அவனுடைய ஆட்கள் முன்னால் ஏமாந்தவனாக நிறுத்தியதாகிவிடும். எழுதாவிட்டால் அவன் ஏமாந்தவனாகவே இருந்துவிடுவான், அவளுக்கு மட்டும் தெரிந்து.

அண்ணி வந்து, எந்தப் போட்டோவை வைப்பது என்று இரண்டைக் காட்டினாள். ஒன்றில் அவன் கோட்டு போட்டிருந்தான். இன்னொன்றில் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் இரண்டாவதைக் காட்டினாள். அண்ணி, நானும் அதுதான் நினைச்சேன், கோட்டு அவருடையது இல்லை என்றாள்.

"அண்ணி, நான் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லை."

அண்ணி போட்டோக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்கிட்ட கேட்டேன்னு பொய் சொல்லிட்டேன். அதை இவங்ககிட்ட எழுதட்டுமா, வேண்டாமா?"

"அவர் உன்கிட்ட கோபப்பட்டு நான் பார்த்ததில்லை" என்றாள் அண்ணி. "நீ எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி. ஆனா பன்னிரண்டரைக்கு அவர் வந்துடுவார். அதுக்கு முன்னாடி முடிச்சுட்டு முகம் கழுவிக்கோ." அறிவிப்பு போலத்தான் இருந்தது.

அவள் மேலும் எழுதினாள். அழித்தாள். வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று தோன்றியபோதெல்லாம் அழித்தாள். கடைசியில் நின்றது இது:

'மூணாம் நம்பர் என்று நீங்கள் சொல்வது என்னைத்தான். நான் அந்த ஆல்பத்தை இன்று காலை வரை கேட்டதில்லை. அவசரத்தில் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். அண்ணன் அதை நம்பி உங்களிடம் சொல்லியிருக்கிறான். தப்பு என்னுடையது. மன்னியுங்கள்.'

அனுப்பிவிட்டு, டிங் என்று சத்தம் வருவதற்குள் கம்ப்யூட்டரை மூடினாள். முகம் கழுவினாள். தாளில் நான்காவது வரியை அடித்தாள். கம்ப்யூட்டர் விஷயம் தாளில் இல்லை, அதனால் அடிக்க எதுவும் இல்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு வண்டி வந்தது. அவர்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் சிறியது, நிமிர்ந்து நிற்பவர்கள் நான்கு பேருக்கானது. அண்ணனைப் படி வழியாகத்தான் தூக்கி வந்தார்கள். கிரீஸும் கம்பெனி ஆட்கள் ஐந்து பேரும். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் வேலைக்குப் பேசும் பாஷையிலேயே பேசிக்கொண்டார்கள். மெல்ல. இன்னும் ஒரு அடி. பிடி, பிடி. விட்டுடாதே. மூன்றாவது மாடியில் இருக்கும் கணக்கு டீச்சர் தன் வீட்டுக் கதவை அகலத் திறந்து, திருப்புவதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். சட்டை கசங்காமல் இருந்தது. மேல் பொத்தானைப் போட்டுவிட்டிருந்தார்கள். அண்ணன் அதைப் போடமாட்டான். அண்ணி குனிந்து அதைக் கழற்றிவிட்டாள்.

வந்தவர்கள் வந்தார்கள். அண்ணனைப் பற்றி ஆளுக்கொரு சின்ன விஷயம் சொன்னார்கள். ஒரு கிழவர், தன் சக்கர நாற்காலி லிஃப்ட் வாசலில் இடிக்கிறது என்று ஒருமுறை சொன்னதற்கு, அடுத்த வாரமே வந்து விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டுப் போனான் என்றார். அவள் டம்ளர்களைக் கழுவினாள், நாற்காலிகளை எண்ணினாள், யாரும் உட்காராத இடத்திலிருந்து எடுத்து நிற்பவர்களுக்குக் கொடுத்தாள். மூன்று மணிக்கு எல்லாம் சரியாக நடந்தது. மண் ஈரமாக இருந்தது. திரும்பும் வழியில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த பஸ்களின் எண்களை உதடு அசையாமல் படித்துக்கொண்டு வந்தாள்.

ஐந்தரைக்கு உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முன்னறையில் இருந்தார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். திட்டியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

முந்நூற்று ஆறு பதில்கள். முதல் நாற்பது ஐம்பது, வெறும் பெயர்களும் ஒரு சொல்லும். எமனைப் பற்றி எழுதிய ஈரக்குடை அந்தப் பதிலை அழித்திருந்தார். பிறகு யாரோ, 'இல்லை, அதை மறுபடி போடுங்க, அவர் சிரிச்சிருப்பார்' என்று சொன்னதால் அவரே மறுபடி போட்டிருந்தார். அதற்குக் கீழே ஈரக்குடை அவளுக்கென்று எழுதியிருந்தார்.

'அக்கா, நீங்க கேட்கலைன்னு எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் தனியாக் கேட்டேன், உங்க தங்கச்சி நிஜமா கேட்டாங்களான்னு. அவர் அனுப்பின பதில் இது. அப்படியே போடறேன்.'

அண்ணனின் எழுத்து. வாக்கியத்துக்கு நடுவில் தேவையில்லாமல் இடம் விடும் அவன் பழக்கம் அப்படியே இருந்தது.

'கேட்கலைங்க. கேட்டிருந்தா மூணாவதுன்னு சொல்லியிருக்க மாட்டா. பல்லு வேலை நேரத்துல இருந்தா, நான்தான் நச்சரிச்சேன். ஆனா நிம்மதியா இருக்குன்னு சொன்னா பாருங்க, அண்ணனுக்கு ஒரு பதில் சொல்லி முடிச்சாச்சுங்கிற நிம்மதி அது. அதைக் கெடுப்பானேன்? என்னைக்காவது ஒரு நாள் கேட்பா. முதல் ரெண்டு பாட்டும் அஞ்சரை நிமிஷம். மூணாவதும் முடிஞ்சு ஆறாவது நிமிஷம் எனக்கு போன் வரும். ஏண்டா அண்ணா, ஆறு வருஷமா ஊர் பூரா சொல்லி என் மானத்தை வாங்கினியான்னு கத்துவா. அவ கத்தினா கேட்க நல்லா இருக்கும், நீங்க கேட்டதில்லை. அந்த போனுக்காகத்தான் வாராவாரம் எழுதறேன். அதுக்கு மட்டும் நம்பர் போடலை.'

அவள் அதை ஒருமுறை படித்தாள். இரண்டாவது முறை படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினாள். ஆறு டம்ளர்கள். முன்னறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, உதவட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஏண்டா அண்ணா" என்றாள், தண்ணீர் சத்தத்தில். அதற்கு மேல் வரவில்லை. கத்துவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டியிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கடைசிப் பதில்கள் தெரிந்தன. ஆறு மணிக்கு எல்லாரும் அவரவர் இடத்தில் ஒரே நேரத்தில் ஆல்பத்தை முதலிலிருந்து போடுவதாக முடிவு செய்திருந்தார்கள். மூணாம் நம்பர் வர முடிந்தால் வரட்டும், முடியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதியிருந்தார்கள். இந்த முறை நிஜமாகவே எது பிடித்தது என்று சொல்ல வேண்டும், அவசரம் இல்லை என்றும்.

அப்போதுதான் அவள் காரணம் 571-ஐ முழுக்கப் படித்தாள். காலையில் தலைப்போடு நின்றுவிட்டிருந்தாள். 'செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. பயந்துடுவாங்களேன்னு பாட்டை நிறுத்திட்டு, கதவுக்கு வெளியே இருந்து பேசுனேன். உள்ளே இருந்து குரல் வருது: தம்பி, அதை நிறுத்தாதே, அது கேட்கிற வரைக்கும் நீ போகலைன்னு எனக்குத் தெரியும். அடுத்த இருபது நிமிஷம் ஃபுல் சவுண்டு. வெளியே வந்ததும் அந்த அம்மா சொன்னது: பாட்டு சகிக்கலை.'

அவள் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைவாக வைத்தாள். ஒரு தாளை எடுத்து ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டுக்கொண்டாள். சரியாக ஆறு மணிக்குத் தட்டினாள்.

முன்னறையில் பேச்சு நின்றது. யாரோ, என்ன இது, இந்த நேரத்தில் என்றார்கள். அண்ணி எழுந்து வரும் சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்வாள் என்று அவள் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அண்ணி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"இப்படி வச்சா அவருக்குக் கேட்கலைம்பார்."

இரண்டாவது பாட்டு அவன் சவரம் செய்யும் பாட்டு என்று அண்ணி சொன்னாள். ஐந்தாவதில் ஒரு இடம் வரும்போது மேசையில் தட்டுவான், பார், வார்னிஷ் போயிருக்கிறது. ஏழாவது அவனுக்கே பிடிக்காது, ஆனால் தாண்டமாட்டான், பாவம் அது என்பான். எல்லாவற்றையும் அதே குரலில், அடுத்து எது எங்கே வந்து நிற்கும் என்று சொல்வது போலச் சொன்னாள். மூன்றாவதில் நாற்காலி விழுந்தபோது அவள் பேனாவை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் தாளில் நான்குக்கு ஒரு கோடு போட்டாள். ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டு, சந்தேகம் வந்து, கூடவே ஒரு கேள்விக்குறி வைத்தாள். பாடுபவனுக்கு மூச்சு வாங்கியது. அது அப்படியே கேட்டது. ஈரக்குடையும் மற்றவர்களும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது பாட்டு, நால்வரும் சேர்ந்து கத்தி, டிரம் ஒருமுறை தடுக்கி, சட்டென்று முடிந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் தாளை மடித்துவிட்டு, நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள்.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. இன்னும் ஒண்ணு இருக்கு. அட்டையில போட்டிருக்க மாட்டாங்க. ஒரு நிமிஷம் ஒண்ணுமே வராது, அப்புறம் வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"முடிஞ்சுதுன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் கதவைத் திறப்பேன்ல."

பிடித்த கையை அண்ணி விடவில்லை. ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் மட்டும் இருந்தது. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னறையிலிருந்து யாரோ, முடிஞ்சுதாம்மா, விளக்கைப் போடட்டுமா என்று கேட்டார்கள். அண்ணி திரும்பாமலே இன்னொரு கையை மட்டும் உயர்த்தினாள்.